உடைப்பதற்காகக் கட்டிய மேடை

உடைக்கவேண்டிய மேடைக்கு மஞ்சள் பூசிப் பூஜை போட்டு வைத்திருந்தார்கள்.

ஜெலுத்தோங்கில் ஹனீபா பாயின் மரக்கிடங்குக் கதவைத் தள்ளியதுமே சாம்பிராணி வாசம் வந்தது. மரத்தூள் வாசம் வரவேண்டிய இடத்தில் சாம்பிராணிக்கு என்ன வேலை? உள்ளே ஓடினேன். நான் சனி ஞாயிறு பாராமல் செதுக்கி நிறுத்திய மேடையின் முன்கால் முழுக்க மஞ்சள், அதன்மேல் குங்குமம். உச்சியில் மாவிலைக் கொத்து, மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம். அடியில் பால் ஊற்றிய ஈரம், இரண்டு தேங்காய் மூடிகள். ஒரு எறும்புக் கூட்டம் அதற்குள் சாப்பிட உட்கார்ந்துவிட்டது.

“எவன் செஞ்ச வேலை இது?” என்று நான் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்த ஜெயராஜ் அண்ணன் நிமிர்ந்தார். எங்கள் தண்ணீர்ப்பந்தல் குழுவின் தலைவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் மனைவி வடிவம்மாள் அக்கா, விரல்களில் மஞ்சள் இன்னும் காயவில்லை. இரண்டு பேருக்கும் பின்னால், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, என் கண்ணைப் பார்க்காமல் நின்றது யார் என்றால் என் வீட்டுக்காரர் கோகிலன்.

“பந்தக்கால் வெச்சுட்டோம்மா,” என்றார் ஜெயராஜ் அண்ணன், ஏதோ எனக்குச் சந்தோஷச் செய்தி சொல்வதுபோல. “இன்னிக்கு விட்டா தைப்பூசத்துக்கு முன்ன வேற நல்ல நாள் இல்லை. எட்டரைக்குள்ள முடிச்சிடணும்னு குருக்கள் சொல்லிட்டாரு. நீ பாகான் டாலாம் போயிருக்கே, வர லேட்டாகும்னு கோகிலன் சொன்னான்.”

“இதுலயா வெச்சீங்க? அண்ணே, இதை நான் இன்னிக்கு உடைக்கப்போறேன்! அதுக்குத் தண்ணி ஊத்தற தோம்பு வாங்கத்தான் பாகான் டாலாமே போனேன்!”

“இதுதானம்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு,” என்றார் வடிவம்மாள் அக்கா. “இன்னொண்ணு கட்டை கட்டையா கீழ கெடக்கு. படுத்துக் கெடக்கிற மரத்துல எப்படிப் பந்தக்கால் வெக்கிறது, நீயே சொல்லு.”

அவர் சொன்னது சரிதான். அடுத்தவர் சொல்வது சரியாக இருந்தால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறும்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் குழு ஒரு தண்ணீர்ப்பந்தல் போடும். ஆள் உயரத்துக்கு ஒரு மேடை, மேடைமேல் பீப்பாய் பீப்பாயாக மோர் தோம்பு, சர்பத் தோம்பு, ஐஸ் பெட்டி, ஊற்றிக் கொடுக்கிறவர்கள். உறுமி அடிக்க ஆரம்பித்தால் மேலே நிற்கிறவர்களும் சும்மா நிற்க மாட்டார்கள். வருடா வருடம் வாடகைக்கு எடுத்த இரும்புக் குழாய்களை கிளாம்ப் போட்டு முடுக்கித்தான் மேடை கட்டினோம். போன வருடம் ரதம் வருவதற்கு முன்னாலேயே மேடையின் பின்பக்கம் இறங்கிவிட்டது. மற்றவர்கள் தாவித் தப்பித்தார்கள். கோகிலன்மேல் நிறைந்த மோர் தோம்பு உருண்டு வந்தது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனது. இப்போது எங்கள் வீட்டு இரும்பில் பாதி அவர் காலுக்குள்தான் இருக்கிறது.

நான் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். பாயான் லெப்பாசில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரான் கட்டுகிற மாடிக்கெல்லாம் கணக்குப் போடுகிறவள். என் புருஷன் நிற்கிற மேடைக்குக் கணக்குப் போடாமல் விட்டுவிட்டேனே என்று அந்த வருடம் முழுக்க எனக்கு நெஞ்சு எரிந்தது. அதனால் குழுக் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னேன்: இனி குழாய் வேண்டாம், மரத்தில் கட்டுவோம், நான் வரைந்து தருகிறேன். ஒவ்வொரு வருடமும் பிரித்து அடுக்கி வைக்கலாம், மறுபடி பூட்டலாம். இரும்பு நான்கு கால்களின் அடியில் மட்டும். மற்ற மூட்டெல்லாம் மரத்துக்குள் மரம். ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி, இன்னொரு கட்டையின் துளைக்குள் செருகி, குறுக்கே விரல் தடிமனுக்கு ஒரு மர ஆணி. அவ்வளவுதான்.

காகிதத்தில் போட்ட கணக்கை நான் நம்புவேன். ஆனால் மரம் கணக்குப் படித்ததில்லை. அதனால் இரண்டு மேடைகள் செதுக்கினோம். ஒன்று பந்தலுக்கு. ஹனீபா பாயின் கிடங்கிலேயே நேரான, முடிச்சில்லாத பாலாவ் மரக் கட்டைகளாகப் பொறுக்கி அதற்கு எடுத்தேன். இன்னொன்று உடைப்பதற்கு. அதற்கு நான் பொறுக்கியதெல்லாம் கிடங்கிலேயே மோசமான கட்டைகள். முடிச்சு விழுந்தது, நார் கோணலாக ஓடுவது, நுனியில் வெடித்தது. “நல்ல கஸ்டமர்லா நீங்க, யாரும் தொடாத மரத்தையெல்லாம் தேடித் தேடி எடுக்கறீங்க,” என்று ஹனீபா பாய் சிரித்தார். மோசமான மரத்திலேயே மேடை தாங்கிவிட்டால், நல்ல மரத்துக்குக் கேட்கவே வேண்டாம். மேலே தோம்புகளை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய், எங்கே, எப்போது உடைகிறது என்று பார்க்கவேண்டும். அதுதான் சோதனை.

இப்போது கிடங்கிலேயே மோசமான மரத்துக்குத்தான் மஞ்சள் குங்குமம் வைத்து, இதுதான் இந்த வருடத்துப் பந்தல் என்று சாமியிடம் சொல்லியாகிவிட்டது.

“சரி, ஆனது ஆச்சு,” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. “மாவிலையை அவுத்துக் கும்பிட்டு எடுத்து வெச்சுடுங்க. நான் சோதனையை முடிச்சுட்டு நல்ல மேடையை நிறுத்தித் தர்றேன். அதுல கட்டிக்கோங்க.”

வடிவம்மாள் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பந்தக்கால் வெச்சதை உடைக்கிறதா? என்னம்மா பேசற நீ?” என்றார் ஜெயராஜ் அண்ணன். “அந்தக் கீழ கெடக்கறதை நிறுத்தி அதை உடைச்சுக்க. ரெண்டும் ஒரே மாதிரிதானே செஞ்சே?”

“ஒரே மாதிரி இல்லைண்ணே! அது நல்ல மரம், இது கழிச்சுப் போட்ட மரம். நல்லதை உடைச்சுட்டுக் கழிச்சதுமேல ஜனங்களை ஏத்துறதா? எந்த ஊர் நியாயம் இது?”

“அப்படின்னா உடைக்கவே வேணாம். எதையும் உடைக்க வேணாம். பார்க்க நல்லாத்தானே நிக்குது.” அவர் எழுந்து போய்ச் சாய்த்து வைத்திருந்த ஏணியில் ஏறி மேடைமேல் நின்றார். அந்த வயதுக்கு நன்றாகவே ஏறினார். இரண்டு தடவை காலை ஓங்கி மிதித்தார். “பாரு, அசையுதா?”

“நீங்க ஒரு ஆளு. அன்னிக்கு மேல எத்தனை பேரு? எத்தனை தோம்பு? உறுமிக்காரன் அடிக்க ஆரம்பிச்சா எத்தனை காலு குதிக்கும்? இறங்குங்கண்ணே, கெஞ்சிக் கேக்கிறேன்.”

கெஞ்சுவதாகத்தான் நினைத்தேன். கிடங்கின் அந்தக் கோடியில் நின்ற ஹனீபா பாய் காதைப் பொத்தினார்.

ஜெயராஜ் அண்ணன் இறங்கி வந்து, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “உனக்கு இதுல மனசு ஒப்பலைன்னா ஒண்ணும் பிரச்சனை இல்லைம்மா. பழையபடி பைப்பு வாடகைக்கு எடுத்துக்கலாம். அந்தக் கடைக்காரன் நேத்துகூட போன் பண்ணான். பந்தக்கால் மட்டும் இதுல இருக்கட்டும், முன்னால நட்டு வெச்சுக்குவோம்.”

பழையபடி பைப்பு. அந்த வார்த்தை எனக்குள் எங்கே போய் விழுந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் கோகிலனைப் பார்த்தேன். இந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவேண்டும். காலுக்குள் இரும்பை வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷன் பேசாமல் வேறு யார் பேசுவது?

“என்னங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்க அவருகிட்ட.”

“பூஜை போட்டதை உடைக்க வேணாம் ஜெகா,” என்றார் கோகிலன்.

“என்ன?”

“இதுலயே கட்டிக்கலாம். நீ ரெண்டு கட்டை கூடுதலா முட்டுக் குடு. எதுவா இருந்தாலும் நான் மேல நின்னு தண்ணி ஊத்துவேன். வேண்டிக்கிட்டிருக்கேன். நடந்தா போதும்னு ஆஸ்பத்திரியில வேண்டினேன், நடக்கிறேன். இப்ப போய் முருகனுக்கு வெச்ச பந்தக்காலை உடைச்சுட்டு அவனுக்கே சேவை செய்யறேன்னு எப்படி நிப்பேன்?”

எதுவா இருந்தாலும் நிற்பாராம். கழித்துப்போட்ட மரமானாலும் சரி, வாடகைக் குழாயானாலும் சரி, இந்த மனுஷன் அந்தக் காலோடு மேலே ஏறத்தான் போகிறார். எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருடத்தில் அவர் வேண்டுதலை மீறி நான் பார்த்ததில்லை. இரண்டாவது தடவை அவர் விழுந்தால் டாக்டர் என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். இன்னொரு முறை அந்த எலும்பு உடைந்தால் காலை வைத்திருக்க முடியாது என்றார். அதை என் காதோடு சொன்னார், கோகிலன் காதில் போடவில்லை.

“முட்டுக் குடுக்கவா? எங்க குடுக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? எந்த மூட்டு முதல்ல போகும்னு பார்க்கத்தானே உடைக்கிறேன்!”

“போன வருஷம் மழைன்னு பந்தக்கால் வெக்காம விட்டோம்,” என்றார் ஜெயராஜ் அண்ணன். குரல் தணிந்திருந்தது. “இருவது வருஷமா வெச்சோம், ஒண்ணும் ஆகலை. ஒரு வருஷம் விட்டோம், இப்படி ஆயிடுச்சு. இதுக்கு மேல என்னம்மா சோதனை வேணும்?”

“ஆமா,” என்றார் கோகிலன்.

அந்த ஆமாதான் என்னைக் கெடுத்தது.

நான் ஒரு வருடம் பொத்தி வைத்திருந்த விஷயம் அது. விபத்து நடந்த மறுநாள், அவர் அறுவைச் சிகிச்சை அறையில் இருந்தபோது, ஆஸ்பத்திரிக் காத்திருப்பில் உட்கார முடியாமல் நான் பந்தல் போட்டிருந்த ஜாலான் உத்தாமாவுக்குப் போனேன். சரிந்த குழாய்களை இன்னும் அள்ளவில்லை. ஒவ்வொரு கிளாம்பாகப் பார்த்தேன். பின்வரிசையில் நான்கு கிளாம்புகளில் நட்டு, திருகின் நுனியிலேயே நின்றது. பாதிகூட முடுக்கவில்லை. கையால் சுழற்றிவிட்டு ஸ்பேனர் வைக்காமல் விட்டது. இருட்டில், பூமாலை சுற்றிய பிறகு, அது முடுக்கியதா இல்லையா என்று சாமியே வந்து பார்த்தாலும் தெரியாது. மயக்கம் தெளிந்ததும் கோகிலனிடம் கேட்டேன், பின்வரிசை யார் பூட்டினது என்று. நான்தான் என்றார். உடனே சொன்னார், யோசிக்கக்கூட இல்லை. அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. கால் நொறுங்கிக் கிடக்கிறவரைப் பார்த்து, உன் கையால் வந்த வினை என்று எந்த வாயால் சொல்வேன்?

அந்த வாய்தான் இப்போது திறந்தது.

“மழையாம், பந்தக்காலாம்! அது பந்தக்காலால விழலை. பின்வரிசையில நாலு நட்டு முடுக்கலை. நான் கண்ணால பார்த்தேன். அந்த வரிசையைப் பூட்டினது இந்தா நிக்கிறாரே, இவரு! ஆஸ்பத்திரியில இவரே என்கிட்ட சொன்னாரு. தன் கையால முடுக்காம விட்டுட்டு, இப்ப சாமிமேல பழியைப் போட்டுட்டு மஞ்சள் பூசறாரு!”

சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. ஹனீபா பாய் அறுத்துக்கொண்டிருந்த எந்திரத்தை நிறுத்திவிட்டிருந்தார். கோகிலன் தரையைப் பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷனை நாலு பேருக்கு முன்னால் நிறுத்தி அடித்த மாதிரி இருந்தது, அடித்ததும் நான்தான். அந்த நிமிஷம் என் நாக்கை நானே கடித்துத் துப்பியிருப்பேன். ஆனாலும் கோபம் இறங்கவில்லை, அதுதான் கொடுமை.

“அவன் இல்லைம்மா.”

ஜெயராஜ் அண்ணன்தான் சொன்னார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, சும்மா இருங்க,” என்றார் கோகிலன் அவசரமாக.

“போதும்டா. ஒரு வருஷம் சும்மா இருந்தாச்சு.” என்னைப் பார்த்தார். “அந்த வரிசையை நான் பூட்டினேன்மா. அவனுக்கு ஒதுக்கினதுதான். நான்தான், நீங்கல்லாம் போய்ச் சாப்பிடுங்கடா, இதையாவது நான் செய்யறேன்னு வாங்கிக்கிட்டேன். தலைவர்னு பேரு, ஒரு வேலையும் செய்யறதில்லைன்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.” வலது கையைத் தூக்கிக் காட்டினார். “இனிப்பு நீரு, சர்க்கரை வியாதி. இந்த மூணு விரல்ல உணர்ச்சி இல்லை. முடுக்கினேன்னு நெனச்சேன். ஸ்பேனர் நட்டைப் பிடிச்சுதா வழுக்குச்சான்னு விரலுக்குத் தெரியலை. எனக்கு விரல் மரத்துப்போச்சுன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வேற ஒரு வீம்பு.”

வடிவம்மாள் அக்கா அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் இது புதிது என்று முகமே சொன்னது.

“ஆஸ்பத்திரிக்குப் போய் இவன்கிட்ட சொல்லி அழுதேன்,” என்றார் ஜெயராஜ் அண்ணன். “உன் பொஞ்சாதிகிட்டயும் சொல்லிடறேன்டான்னேன். வேணாம்னுட்டான். அப்புறம் குழுவுல எவனோ, பந்தக்கால் வெக்காததுதான் காரணம்னு பேச ஆரம்பிச்சான். நானும் ஆமா ஆமான்னு அதைப் பிடிச்சுக்கிட்டேன். சொல்லிச் சொல்லி, சில நாளு நானே நம்பிட்டேன்.”

நான் கோகிலனிடம் திரும்பினேன்.

“ஒரு வருஷம்! ஒரு வருஷம் உங்களைத் தப்பா நெனச்சுக்கிட்டு, அதை வெளிய சொல்லவும் முடியாம உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்குக் கஞ்சி ஊட்டும்போதுகூட, ஏன்டா இந்த மனுஷன் நாலு நட்டை முடுக்கலைன்னு நெனச்சுக்கிட்டே ஊட்டினேன். என்னை என்ன முட்டாள்னு நெனச்சீங்களா?”

“சொல்லியிருந்தா அவரை விட்டு வெச்சிருப்பியா?” என்றார் கோகிலன்.

“மாட்டேன்!”

“அதான் சொல்லலை. நான் உன் புருஷன், என்னை எவ்வளவு திட்டினாலும் சோறு போடுவே. அவரை வீதியில நிறுத்திக் கேட்டிருப்பே. அதுக்கப்புறம் அவரு வெளிய தலைகாட்டியிருப்பாரா? காலு என்னோடது ஜெகா. யாருகிட்ட கோவப்படணும்னு நானாவது முடிவு பண்ணிக்கிறேனே.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதனால் எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரமாக வந்தது.

ஜெயராஜ் அண்ணன் மேடையின் முன்காலுக்குப் போனார். கும்பிட்டார். மாவிலைக் கொத்தின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் முடிச்சைப் பிடிக்கவில்லை, வழுக்கி வழுக்கிப் போயின. இவ்வளவு நாள் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன், காப்பி குடிக்கிறதைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. வடிவம்மாள் அக்கா எழுந்து போய் அவர் கையை விலக்கிவிட்டுத் தானே அவிழ்த்தார். மஞ்சள் துணியையும் மாவிலையையும் மடியில் வாங்கிக்கொண்டார்.

“பாவம்னு ஒண்ணு இருந்தா அது என் கணக்குல சேரட்டும்,” என்றார் ஜெயராஜ் அண்ணன். “உடைம்மா.”

தோம்புகளை மேடைமேல் வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கம் நான் ஒரு கோடு போட்டிருந்தேன். எல்லாத் தோம்பிலும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால், தைப்பூசத்தன்று மேலே வரக்கூடிய கூட்டத்தைப்போல இரண்டு மடங்கு பாரம். அதற்குக் கீழே உடைந்தால் என் வடிவமைப்பே குப்பை. பிறகு குழாய்க் கடைக்காரனுக்குத்தான் போன் பண்ணவேண்டும். மேடையைச் சுற்றிக் கயிறு கட்டி எல்லோரையும் அதற்கு வெளியே நிறுத்தினேன். ஹனீபா பாய் தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

பாதி வரை ஒன்றுமில்லை. நடுக்கட்டை லேசாகத் தொய்ந்தது, நான் இழுத்துக் கட்டியிருந்த நூலுக்குக் கீழே விரற்கடை அளவு இறங்கியது. கணக்கில் வந்ததும் அவ்வளவுதான். முக்கால் தோம்பில் பின்பக்க மூட்டிலிருந்து, கதவு திறக்கிறதுபோல ஒரு முனகல். வடிவம்மாள் அக்கா முருகா என்றார். தண்ணீர் கோட்டைத் தொட்டது. மேடை நின்றது. கழித்துப்போட்ட மரம், முடிச்சு விழுந்த மரம், நின்றது. ஹனீபா பாய் கை தட்டினார்.

“ஊத்துங்க பாய், நிறுத்தாதீங்க,” என்றேன்.

“கோட்டைத் தாண்டிடுச்சே! இன்னும் என்ன வேணும்?”

“உடையணும். எப்படி உடையுதுன்னு பார்க்கணும். ஊத்துங்க.”

கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறியிருக்கும். பட்டென்று ஒரு சத்தம், பட்டாசு வெடித்த மாதிரி. பின்பக்க மூட்டில் ஒரு மர ஆணி முறிந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு மரம் நார் நாராகக் கிழிகிற நீளமான சத்தம், பல்லைக் கூசவைக்கிற சத்தம். குழாயைப் போட்டுவிட்டு ஹனீபா பாய் கயிற்றைச் சுற்றி வந்து, நெற்றி வேர்வையைத் துடைத்து, என் பக்கத்தில் வந்து நின்று, “யா அல்லாஹ்” என்று சொல்லி முடித்த பிறகும் மேடை இன்னும் விழவில்லை. முனகிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. தோம்புகள் உருண்டன. கிடங்கு முழுக்கத் தண்ணீர் ஓடி எங்கள் செருப்பையெல்லாம் நனைத்தது.

நான் முறிந்த ஆணிகளைப் பொறுக்கப் போனேன். அதே மூட்டுக்கு நல்ல மேடையில் இன்னும் ஓர் ஆணி கூட்டினால் போதும். வேறெங்கும் கை வைக்கவேண்டியதில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கோகிலன் எங்கே நிற்கப்போகிறார் என்பதை நினைத்தபோது என் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

திரும்பிப் பார்த்தால் ஜெயராஜ் அண்ணன் கயிற்றுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். வேட்டி முழங்கால்வரை ஈரம். முகமும் ஈரம்.

“எவ்வளவு சத்தம் போட்டுச்சு,” என்றார். “எவ்வளவு நேரம் சத்தம் போட்டுச்சு. ஒரு கெழவன்கூட இறங்கி ஓடியிருக்கலாம். அன்னிக்கு ஒரு சத்தமும் வரலைம்மா. நான் கீழதான் நின்னேன். டக்குனுகூட கேக்கலை. அப்படியே போயிடுச்சு.”

கோகிலன் கைத்தடியோடு தண்ணீரில் மெல்ல நடந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். காலை உடைத்தவரை, உடைந்த காலோடு நிற்கிறவர் தேற்றுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனைக் கேட்கவேண்டியதையெல்லாம் நான் இனிமேல்தான் கேட்கவேண்டும், அவரோ அதற்குள் அழுதுகொண்டு நிற்கிறார். அழுகிறவரை எப்படித் திட்டுவது?

“அண்ணே,” என்றேன். அதட்டலாகத்தான் வந்தது. “நாளைக்குக் காலையில வாங்க. நல்ல மேடையை நிறுத்தணும். ஆணி அடிக்க ஆள் வேணும்.”

அவர் தன் வலது கையைப் பார்த்தார். “இந்தக் கையாலயா?”

“இந்தக் கையாலதான். பின்வரிசை உங்களோடது. மர ஆணி முழுசா இறங்கினா அந்தப் பக்கம் மூக்கு நீட்டும். உங்க விரலுக்குத் தெரிய வேணாம், என் கண்ணுக்குத் தெரியும். கீழ நின்னு ஒவ்வொண்ணா பார்ப்பேன். ஒண்ணு பாதியில நின்னாலும் ஜெலுத்தோங்கே கேக்கற மாதிரி திட்டுவேன். உங்களை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுடாதீங்க.”

“நெனக்க மாட்டேன்மா,” என்றார் ஜெயராஜ் அண்ணன். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எத்தனை மணிக்கு வரணும்?”